சொட்டும் குழாய்க்கு எந்த ஸ்பிண்டில்?

குழாயை மூடினால் நிற்பது தண்ணீரின் ஓட்டம் மட்டும்தான். அழுத்தம் நிற்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் சமையலறைக் குழாய்க்கும் 5 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், மூடிய குழாய்க்குள் சுமார் அரை பார் அழுத்தம் இரவு பகலாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்பது கணக்கு. குழாயின் உள்ளே தண்ணீர் ஏறிவரும் துளை 12 மி.மீ. விட்டம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை அடைத்திருக்கும் பாகத்தின் மேல் விழும் விசை அரைக் கிலோ எடைக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பத்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஏதும் இல்லையென்றால், அதுவே மூன்றரைக் கிலோ வரை போகும்.

இந்த எண்களை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. குழாய் சொட்டத் தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் செய்வது இன்னும் இறுக்கி மூடுவதுதான். பழைய திருகு குழாயில் கைப்பிடியை ஓங்கித் திருகினால், மரையின் சரிவு நம் கைப்பலத்தைப் பெருக்கி, அடைப்பின் மேல் பல பத்துக் கிலோ விசையை ஏற்றிவிடும். அரைக் கிலோவைத் தடுக்க அவ்வளவு விசை எதற்கு? அத்தனை இறுக்கியும் சொட்டுகிறது என்றால், உள்ளே இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்தப் பொருத்தத்தைத் திரும்பக் கொண்டுவருகிற பாகம் எதுவோ அதுதான் சரியான மாற்றுப் பாகம். எந்தப் பரப்பு எதோடு சேர்கிறது என்று தெரியாமல் வாங்கினால் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சொட்டுத் தண்ணீர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. மருத்துவமனையில் சலைன் ஏற்றும் குழாயில் பொதுவாக 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. அந்தக் கணக்கில் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வரும். சமையலறைக் குழாயின் வாய் அகலமானது, அதில் திரண்டு விழும் சொட்டும் பெரியது. ஆகவே அவரவர் வீட்டில் அளந்து பார்ப்பதே நல்லது. 200 மி.லி. டம்ளரைச் சொட்டுக்கு நேரே வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணியில் நிறைந்தால் நாளைக்கு 9.6 லிட்டர், வருடத்துக்கு 3,500 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியை மூன்றரை முறை நிரப்பி, மோட்டார் ஓடிய மின்சாரத்தோடு சேர்த்துச் சாக்கடையில் விட்டதற்குச் சமம்.

அந்த 'டொக்' சத்தத்துக்கும் ஒரு வழி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வால், சாமுவேல் ஃபிலிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவையும் நீருக்குள் வைத்த மைக்கையும் கொண்டு இதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். சொட்டு நீர்ப்பரப்பில் மோதும்போது அடியில் ஒரு சிறு காற்றுக்குமிழி சிக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழி அதிர்ந்து மேலே இருக்கும் நீர்ப்பரப்பையும் அதிர வைக்கிறது, அதுதான் நம் காதுக்கு வருகிறது. சொட்டு விழும் இடத்தில் நிற்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து சத்தம் நின்றுவிடும். பாகம் கிடைக்கும் வரை தூங்குவதற்கு இது போதும். கசிவு என்னவோ அப்படியேதான் இருக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வாயில் மட்டும் சொட்டுகிறதா, கைப்பிடியின் கழுத்தில் ஈரம் கசிகிறதா, வளைந்த மூக்கு சுழலும் அடிப்பகுதியில் கசிகிறதா என்று கவனியுங்கள். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக் கழுத்தில் கசிந்தால் அது தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமோ திரியோ தேய்ந்ததால். மூக்கின் அடியில் கசிந்தால் அங்கே இருக்கும் ஓ-ரிங் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடித் தண்டும் அடைப்பும் சேர்ந்த உள்பாகத்தை, மாற்றுவது வீண் செலவு, சில ரூபாய் வளையம் போதும். மூடிய பிறகும் வாயில் சொட்டினால்தான் உள்ளே இருக்கும் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த அடைப்பு எந்த வகை என்பதைக் கழற்றாமலே கையால் சொல்லிவிடலாம். முழுக்கத் திறக்க இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் உள்ளே வாஷர். கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ டக்கென்று நின்றால் உள்ளே பீங்கான் தகடு. கைப்பிடியைத் தூக்கித் திறந்து இடம் வலமாகத் திருப்பி வெந்நீர் தண்ணீர் கலப்பதாக இருந்தால் அது கார்ட்ரிட்ஜ் என்கிற தனி ஜாதி.

வாஷர் வகை மிகப் பழையது. இங்கிலாந்தின் ராதரம் நகரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புப் பட்டறை 1845-இல் திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றுத் தயாரித்தது. அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் முளைக் குழாய்கள். கூம்பு வடிவ உலோக முளையில் குறுக்கே ஒரு துளை, முளையைத் திருப்பினால் துளை நேராகித் தண்ணீர் வரும். ரோமானியர் காலத்திலேயே இருந்த அமைப்பு அது. உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்வதால் நாளாக ஆக ஒழுகும். நகரங்களில் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தோடு வரத் தொடங்கியபோது அந்த ஒழுகலை யாராலும் தாங்க முடியவில்லை. திருகு குழாயில் உரசலே இல்லை. மேலிருந்து இறங்கி வரும் மெத்தென்ற வட்டு, பித்தளை விளிம்பின் மேல் உட்காரும். விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளம் மேடு இருந்தாலும் மெத்தான பொருள் அமுங்கி அதை நிரப்பிவிடும். முதலில் தோல், பிறகு ரப்பர்.

நிரப்பும் அந்தக் குணம்தான் முதலில் போகும். தேய்ந்த வாஷர் ஒன்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வட்டமாக ஆழமான தடம் விழுந்திருக்கும், அதுதான் விளிம்பு அழுந்திய இடம். தடத்துக்கு உள்ளே ரப்பர் கொஞ்சம் உப்பியிருக்கும், வெளியே இறுகி நகத்தால் அழுத்தினால் பதியாது. பல நேரம் தடத்தின் குறுக்கே ஒரு மெல்லிய வெடிப்பும் ஓடும். தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வாஷரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுச் சமாளிப்பது சில வாரம் தாங்கும். ரப்பர் அதற்குள்ளேயே கெட்டியாகிவிட்டது, ஆகவே புதிது வாங்குவதே சரி. வாஷரின் வெளிவிட்டத்தையும் நடுத்துளையையும் அளந்து அதே அளவில் வாங்கினால் முடிந்தது.

முடியாத இடம் ஒன்று உண்டு: வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு. பிளம்பர்கள் அதைச் சீட் என்பார்கள். ஸ்பிண்டிலைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், முடிந்தால் சுண்டுவிரலால் விளிம்பைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. நகத்தில் தட்டுகிற வெட்டோ பள்ளமோ இருந்தால் எத்தனை ஸ்பிண்டில் மாற்றினாலும் சொட்டு நிற்காது. அந்த வெட்டு எப்படி வருகிறது? 5 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர், தடையில்லாமல் பாய்ந்தால் நொடிக்கு 10 மீட்டர் வேகம் எட்டும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைக்கும்போது வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியில் அந்த வேகத்தை நெருங்கிப் பாய்கிறது. தண்ணீரோடு மணலும் வந்தால் அது மெல்ல மெல்லப் பித்தளையை அரித்துக் கோடு போடும். பித்தளையில் உள்ள துத்தநாகம் மட்டும் தண்ணீரில் கரைந்துபோய், மீதிச் செம்பு இளஞ்சிவப்பாகப் பொரபொரவென்று நிற்பதும் உண்டு. சீட்டைச் சுரண்டிச் சமன் செய்யும் கைக்கருவி சில பிளம்பர்களிடம் இருக்கும், ஒருமுறை செய்து பார்க்கலாம். பொரபொரத்துப் போயிருந்தால் என் கருத்தில் குழாயையே மாற்றிவிடுவது மேல்.

இப்போது வரும் குழாய்களில் பெரும்பாலும் பீங்கான் தகடுதான். யோசித்துப் பார்த்தால் 1845-இல் கைவிட்ட வழிக்கே திரும்பியிருக்கிறோம், பரப்போடு பரப்பு உரசும் வழி. வேறுபாடு பொருளில் இருக்கிறது. இந்தத் தகடுகள் அலுமினியம் ஆக்சைடைச் சுட்டுச் செய்தவை. தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவுகோலில் வைரம் 10, அலுமினியம் ஆக்சைடு 9, ஆற்றுமணலில் உள்ள குவார்ட்ஸ் 7, பித்தளை சுமார் 3. மணல் பித்தளையைக் கீறும், இந்தப் பீங்கானைக் கீறாது.

ஸ்பிண்டிலைக் கழற்றி அடியில் உள்ள ரப்பரை எடுத்தால் இரண்டு தகடுகளும் வெளியே வரும். அடித்தகடு அசையாது. மேல்தகடு கைப்பிடித் தண்டோடு சேர்ந்து சுழலும். இரண்டிலும் எதிரெதிரே இரண்டு விசிறி வடிவத் திறப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் வட்டம். திறப்பும் திறப்பும் நேரே வந்தால் தண்ணீர், கால் சுற்று திருப்பித் திறப்புக்கு நேரே கெட்டிப்பகுதி வந்தால் அடைப்பு. கால் சுற்றுக் குழாய் ஏன் கால் சுற்றில் திறக்கிறது என்பதற்கு இதுவே காரணம். திறப்பு ஒன்றே ஒன்றாய் அரை வட்டமாக இருந்தால் அது அரைச் சுற்றுக் குழாய்.

தகடுகளின் உரசும் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெருகேறி மின்னும். ஈரமாக இரண்டையும் சேர்த்து வைத்தால், ஈரக் கண்ணாடித் தகடுகள் இரண்டு ஒட்டிக்கொள்வதைப் போல ஒட்டிக்கொள்ளும். நேராகப் பிரித்தெடுக்க முடியாது, பக்கவாட்டில் வழுக்கித்தான் பிரிக்க வேண்டும். அவ்வளவு சமதளம். நல்ல தகட்டில் ஏற்ற இறக்கம் ஒரு மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். இதைச் சோதிக்கும் முறை, கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சோடியம் விளக்கின் கீழ் நியூட்டன் வளையங்கள் பார்த்தவர்களுக்குப் பழக்கமானதே. சமதளக் கண்ணாடி ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் இருளும் ஒளியுமாக மாறி மாறிப் பட்டைகள் தெரியும். சோடியம் ஒளியில் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே உயர வேறுபாடு 0.29 மைக்ரான். பட்டைகள் நேராக ஓடினால் தகடு சமம், வளைந்தால் எவ்வளவு வளைவோ அவ்வளவு குறை.

இத்தனை நுணுக்கம் எதற்கு? நெருக்கமான இரண்டு தளங்களுக்கு நடுவே கசியும் நீரின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி 10 மடங்கானால் கசிவு 1,000 மடங்கு. அரை மைக்ரான் இடைவெளியில் கசியும் நீர் கண்ணுக்கே தெரியாது. அங்கே ஒரு மணல் துகள் புகுந்து தகட்டை 50 மைக்ரான் தூக்கிவிட்டது என்று வையுங்கள், தலைமுடியின் தடிமன் கூட இல்லை. இடைவெளி 100 மடங்கு, கசிவு 10 லட்சம் மடங்கு. தொட்டியைக் கழுவிய மறுநாளோ, தெருவில் குழாய் வேலை நடந்த பிறகோ நல்ல குழாய் திடீரென்று சொட்டத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். அப்போது ஸ்பிண்டில் வாங்க ஓட வேண்டாம். கழற்றி, தகடுகளை வழுக்கிப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவித் திரும்பப் போட்டாலே சரியாகிவிடலாம். பிரிப்பதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பது மறந்துவிடும்.

இன்னொரு எதிரி உப்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் அதையும் தாண்டும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சொட்டும் குழாயின் வாயில் தொங்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான். உள்ளே தகட்டின் ஓரங்களிலும் அதே பொருக்கு படியும். வெள்ளை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் நுரைத்துக் கரைந்துவிடும், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது பித்தளையையும் மேல் பூச்சையும் தின்றுவிடும், வேண்டவே வேண்டாம்.

கழுவியும் நிற்கவில்லையென்றால் அடியில் உள்ள ரப்பரைப் பாருங்கள். பீங்கான் ஸ்பிண்டிலில் கசிவு பல நேரம் தகடுகளுக்கு நடுவில் இருக்காது. ஸ்பிண்டிலின் அடிக்கும் குழாயின் சீட்டுக்கும் நடுவே அமுங்கி நிற்கும் ரப்பர் வளையம்தான் தட்டையாகிப் போயிருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது. சீட்டில் தண்ணீர் சுற்றி வராமல் தடுக்கிறது, தகடுகளை மேல்நோக்கி அழுத்திச் சேர்த்தும் பிடிக்கிறது. அது தளர்ந்தால் இரண்டுமே போய்விடும். அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், அல்லது தகட்டின் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தால், முழு ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டும்.

இனிமேல்தான் கடை. "அரை இஞ்ச் குழாய்க்கு ஸ்பிண்டில் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர், "எந்தக் கம்பெனி அண்ணே?" என்பார். இரண்டுமே போதாது. ஒரே கம்பெனி வெவ்வேறு மாடலுக்கு வெவ்வேறு ஸ்பிண்டில் போடுகிறது. அரை இஞ்ச் என்பதோ குழாயில் எங்கே அளந்தாலும் கிடைக்காத அளவு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. அரை இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் தரநிலைக் குழாய்) மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ., கிட்டத்தட்ட 21. பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து அந்தப் பெயர் வந்தது. குழாயின் சுவர் தடிமன் காலப்போக்கில் மாறியும் மரைக்குப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மரையின் வடிவம் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 பாகை முக்கோணம். இந்தியாவில் குழாய் வேலை இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது.

கழற்றிய பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கொண்டுபோவதுதான் முதல் வேலை. அதோடு கைப்பிடியையும் கொண்டுபோங்கள். கடையில் பார்க்க வேண்டியவற்றில் மரை முதலாவது. வெர்னியர் இருந்தால் வெளிவிட்டத்தை அளக்கலாம். இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையை மரையைச் சுற்றி இறுக்கி, சேருமிடத்தில் குறித்து, விரித்து அளந்து 3.14-ஆல் வகுங்கள். சுற்றளவு 66 மி.மீ. வந்தால் விட்டம் 21, அரை இஞ்ச் மரை. 52 அல்லது 53 வந்தால் விட்டம் சுமார் 16.7, அது எட்டில் மூன்று இஞ்ச், அதாவது மூன்று நூல் மரை. விட்டம் ஒத்துப்போனால் போதாது, மரையின் நெருக்கமும் ஒத்துப்போக வேண்டும். அரை இஞ்ச் பி.எஸ்.பி.யில் ஓர் இஞ்ச்சுக்கு 14 மரை, மூன்று நூலில் 19. மெட்ரிக் மரை போட்ட ஸ்பிண்டில்களும் சந்தையில் உண்டு, அவற்றின் நெருக்கம் வேறு. பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து மரையோடு மரை கோத்துப் பாருங்கள். பல்லோடு பல் முழு நீளத்துக்கும் இடைவெளி தெரியாமல் உட்கார்ந்தால் சரி. தவறான மரை முதல் ஒரு சுற்று இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் பிடிக்கும். பிடித்த இடத்தில் ஸ்பேனர் போட்டு முடுக்கினால் குழாயின் மரையே போய்விடும், அதற்குப் பிறகு ஸ்பிண்டில் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்தது நீளம், பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இது. குழாயின் மேல் விளிம்பில் உட்காரும் தோளிலிருந்து அடி ரப்பரின் நுனி வரை அளக்க வேண்டும். இது ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும், தோள் விளிம்பில் உட்கார்ந்த பிறகும் ரப்பர் சீட்டைச் சரியாக அழுத்தாது. புதிய ஸ்பிண்டில், புதிய தகடு, எல்லாம் சரி, ஆனால் சொட்டும். அதிகமாகிவிட்டால் தோள் உட்காரும் முன்பே ரப்பர் நசுங்கி, தகடுகளை நெருக்கி, கைப்பிடி கல்லாகச் சுற்றும். அளக்கும்போது பழைய ரப்பர் அமுங்கிக் குறைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், புதியது அரை மில்லிமீட்டர் வரை கூடுதலாகத் தெரிந்தால் பயமில்லை. தோளுக்கு மேலே தண்டின் உயரமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கட்டையாக இருந்தால் கைப்பிடி அடியில் உரசும், நெட்டையாக இருந்தால் கைப்பிடிக்கும் குழாய்க்கும் நடுவே அசிங்கமாக ஒரு கழுத்து தெரியும்.

பிறகு பல். தண்டின் உச்சியைச் சுற்றிச் செங்குத்தாக ஓடும் பற்கள்தான் கைப்பிடியைப் பிடித்திருக்கின்றன. ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் தப்பாது. 20 பல், 24 பல் இரண்டும் பரவலாக உண்டு. 20 பல் கைப்பிடி 24 பல் தண்டில் தட்டி ஏற்றினால் ஏறுவது போலிருக்கும், ஆனால் கைப்பிடியின் உள்பற்கள் சில நாளில் மழுங்கி, கைப்பிடி மட்டும் தனியாகச் சுற்றும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் தண்டின் பருமன் வேறாக இருக்கலாம். அதனால்தான் கைப்பிடியைக் கொண்டுபோகச் சொன்னேன். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.

சுற்றும் திசை கடைசி. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கைப்பிடி உள்ள மிக்ஸரில் ஒன்று வலம் சுற்றினால் மூடும், மற்றது இடம் சுற்றினால் மூடும்படி ஸ்பிண்டில் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒரே ஒழுங்கில் திறப்பதற்காக. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. கடையில் தண்டைத் திருப்பி, அடியில் உள்ள திறப்பு எந்தப் பக்கம் சுற்றும்போது மூடுகிறது என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிப் போட்டால் சொட்டாது, ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் தவறான பக்கம் முடுக்கி, பீங்கான் வகையின் நிறுத்தத்தை உடைப்பார்கள்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் வேறு கதை. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் மோயென் என்ற மாணவர், 1937-இல் குழாயைத் திறந்தபோது வெந்நீர் கையில் பாய்ந்ததிலிருந்து யோசித்து உருவாக்கிய வகை அது, விற்பனைக்கு வந்தது 1947-இல். இன்றைய கார்ட்ரிட்ஜில் மரையே கிடையாது. ஒரு நட்டு மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். விட்டம் 35 அல்லது 40 மி.மீ., சிறிய குழாய்களில் 25. விட்டத்தோடு, அடியில் உள்ள ஊசிக்கால்களின் இடமும் ரப்பர் திறப்புகளின் இடமும், மேலே நீட்டும் தண்டின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஏறக்குறைய ஒத்தது என்று ஒன்று இல்லை. அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் வாங்க வேண்டும்.

கம்பெனி ஒரிஜினலா, சந்தையில் கிடைக்கும் பொதுச் சரக்கா? வாஷருக்கு எது நல்ல ரப்பரோ அது போதும். பீங்கான் ஸ்பிண்டிலுக்குக் கூடுதலாகக் கொடுத்து ஒரிஜினல் வாங்குவது நியாயம் என்பது என் எண்ணம், ஏனென்றால் தகட்டின் சமதளத்தைக் கடையில் நின்று கண்ணால் சோதிக்க வழியில்லை. பொதுச் சரக்குதான் கிடைக்கிறது என்றால் பித்தளை உடல் கொண்டதைக் கேளுங்கள். பிளாஸ்டிக் மரை பித்தளைக் குழாயில் முதல்முறை ஏறிவிடும், அடுத்த முறை கழற்றும்போது உள்ளேயே முறிந்து நிற்கும்.

மாட்டும்போது மூன்று விஷயம் கவனித்தால் போதும். சிங்க்குக்கு அடியில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட்டு, சிங்க் துளையில் ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள், கைப்பிடித் திருகு அதற்குள் விழுந்தால் தேடுவது கஷ்டம். பழைய ஸ்பிண்டிலை எடுத்ததும் புதியதைப் போடுவதற்கு முன், குழாயின் மேல் துணியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை ஒரு கணம் திறந்து மூடுங்கள். குழாய்க்குள் நிற்கும் மணலும் பொருக்கும் அதோடு வெளியே வந்துவிடும், இல்லையென்றால் அவை நேராகப் புதிய தகடுகளுக்கு நடுவே போகும். வெள்ளை டெஃப்லான் டேப்பை ஸ்பிண்டில் மரையில் சுற்றாதீர்கள். இங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான், மரை பிடிப்புக்கு மட்டும். டேப் தோளை முழுதும் உட்காரவிடாது, அதன் நார்கள் பிய்ந்து உள்ளேயும் போகும்.

இறுக்கமாகச் சுற்றுகிறது என்று தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். குழாய்களில் இப்போது பரவலாக வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் தண்ணீரையும் குளோரினையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய் பட்டால் உப்பிக் கூழாகிவிடும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தகட்டுக்கும் ஓ-ரிங்குக்கும் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி போதும்.

மாட்டி முடித்ததும் உடனே சொட்டுகிறதா என்று பார்த்துப் பதற வேண்டாம். வளைந்த மூக்கினுள்ளும் வாயில் உள்ள சல்லடையிலும் தங்கிய தண்ணீர் சில நிமிடம் சொட்டி வடியும். கால் மணி கழித்து வாயைத் துடைத்துவிட்டு, கீழே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துப் பாருங்கள். அது காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.

சீட் அரித்துப்போய்ப் புதுக் குழாயே வாங்க வேண்டியதாகிவிட்டால், பளபளப்பையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு ஸ்பிண்டில் தனியா கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்தக் குழாயோடு அதிலும் ஒன்றைச் சேர்த்து வாங்கி, சிங்க்குக்கு அடியில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.